முதலாம் வருடப் பிள்ளையைக் களத்தில் இறக்குவதா?



ஒரு குழு தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்றுவிப்பாளரின் வேலை போய்விடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மூத்த வீரர்கள் தம்மால் இயன்றதைச் செய்து பார்த்துவிட்டார்கள், வெற்றி வரவில்லை. மைதான ஓரத்து வாங்கில் பதினெட்டு வயதுப் பையன்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். திறமை இருக்கிறது, அனுபவம் இல்லை. இவர்களைக் களத்தில் இறக்குவதா? அல்லது, "இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள்" என்று சொல்வதா?

ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. "விளையாட்டுப் பேச்சு எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பது ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவனுடைய உடம்பு, படிப்பு, பெயர், எதிர்காலம் எல்லாமே அந்தப் பயிற்றுவிப்பாளரின் ஒரு சொல்லில் தொங்குகின்றன. ஆகவே இது உங்களுக்கும் உரிய கேள்விதான்.

இது எந்த விளையாட்டு?

அமெரிக்கர்கள் 'புட்போல்' என்று சொல்வது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. ரக்பி விளையாட்டுக்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும்.

ஆட்டத்தை நடத்துபவனுக்குக் 'குவாட்டர்பெக்' என்று பெயர். பந்து முதலில் அவன் கைக்கே வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்பதை இரண்டு மூன்று வினாடிகளுக்குள் அவன் தீர்மானிக்க வேண்டும். அவனைக் காப்பதற்கு முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரும் 300 இறாத்தல், அதாவது 136 கிலோ அளவு நிறையுள்ளவர்கள். எதிரே மோத வருபவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பதினெட்டு வயதில் நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்து வந்த பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது வாலிபர்களோடு மோத வேண்டியிருக்கிறது. அந்த வயதில் நான்கு வருட வித்தியாசம் என்பது எலும்பிலும் தசையிலும் பெரிய வித்தியாசம் என்பதைப் பிள்ளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பருவத்தில் வழமையாக 12 ஆட்டங்கள்தாம். எனவே ஒவ்வொரு தோல்வியும் பெரிதாகத் தெரியும். பணமோ கொட்டுகிறது. பல மாநிலங்களில் அரச சம்பளம் பெறுவோரில் ஆகக் கூடிய சம்பளக்காரர் ஆளுநரல்ல; பல்கலைக்கழகத்தின் புட்போல் பயிற்றுவிப்பாளர்தான். 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுவிப்பாளர் ஜிம்போ பிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டொலருக்கும் மேல்! இவ்வளவு கொடுத்தாவது ஒருவரை அனுப்பிவிடத் துணிகிறார்கள் என்றால், தோற்கும் பயிற்றுவிப்பாளரின் கழுத்தில் எவ்வளவு பாரம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாரத்தோடுதான் அவர் வாங்கில் இருக்கும் பையன்களைத் திரும்பிப் பார்க்கிறார்.

தாயின் மேசையில் கொடுத்த வாக்கு

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடும் பையனைத் தேடிப் பயிற்றுவிப்பாளர் வீட்டுக்கே வருவார். தாய் தகப்பனோடு மேசையில் இருந்து சாப்பிடுவார். "உங்கள் மகனை என் மகனைப் போல் பார்த்துக்கொள்வேன், பட்டம் வாங்க வைப்பேன்" என்பார். 2024 வரை நடைமுறையில் இருந்த உடன்படிக்கைக் கடிதத்தில், பையன் 21 வயதுக்குக் குறைந்தவனாக இருந்தால் பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ கைச்சாத்திட வேண்டியிருந்தது.

ஆக, அந்தப் பிள்ளை பயிற்றுவிப்பாளரின் கையில் ஓர் அமானிதம். அமானிதமாக வந்த பொருளை நம் கடனை அடைக்க எடுத்துச் செலவழிக்கலாமா? வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பக்குவமில்லாத பிள்ளையை முன்னே தள்ளுவது அப்படிப்பட்ட செலவுதான். அதேவேளை, திறமையுள்ள பிள்ளையைக் காரணமில்லாமல் வருடக் கணக்கில் உட்கார வைத்திருப்பதும் அமானிதத்தைப் பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடுவதே. இரண்டு பக்கமும் தவறு நேரலாம்.

காத்திருந்த காலம்

முற்காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாம் வருட மாணவர்களுக்குத் தனிக் குழு இருந்தது. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் காலங்களில் வாலிபர்கள் படைக்குப் போய்விட்டதால் மட்டும் விதி தளர்த்தப்பட்டது. மற்றபடி, முதல் வருடம் படிப்புக்கும் புது இடத்துக்கும் பழகிக்கொள்ளட்டும் என்பதே எண்ணம். 1972 இல்தான் முதலாம் வருட மாணவர்களும் பிரதான குழுவில் ஆடலாம் என்று தேசிய சங்கம் அனுமதித்தது.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரு மாணவன் நான்கு பருவங்கள் ஆடுவதற்கு ஐந்து வருடங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் பயிற்சி மட்டும், போட்டியில்லை. இதைச் 'சிவப்புச் சட்டை' வருடம் என்பார்கள். 1937 இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வொரன் அல்ப்சன் என்ற மாணவன், தனக்கு முன்னால் அனுபவசாலிகள் பலர் இருப்பதைக் கண்டு, "இந்த வருடம் நான் பயிற்சி மட்டும் செய்கிறேன்" என்று தானாகவே கேட்டுக்கொண்டானாம். பயிற்சியில் சிவப்புச் சட்டை அணிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது. 1940 இல் அதே அல்ப்சன் நாட்டின் சிறந்த வீரர்களில் ஒருவராகத் தெரிவானார்.

பாருங்கள்! யாரும் உட்கார வைக்கவில்லை. தன் அளவைத் தானே அறிந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்த வருடம் வீணாகவில்லை.

இறக்கி வென்றவர்கள்

காத்திருப்பது மட்டும்தான் சரி என்றும் சொல்ல முடியாது. ஜோர்ஜியா பல்கலைக்கழகம் 1979 இல் 6 ஆட்டங்களில் வென்று 5 இல் தோற்றது. அடுத்த வருடம் 18 வயதான ஹேர்ஷல் வோக்கர் சேர்ந்தான். பயிற்றுவிப்பாளர் வின்ஸ் டூலி அவனை முதல் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இறக்கவில்லை. டெனஸி குழுவுக்கு எதிராக 15 இற்கு 0 என்று பின்தங்கியிருந்த ஜோர்ஜியா, அவன் இரண்டு முறை எல்லைக்கோட்டைக் கடந்ததால் 16 இற்கு 15 என்று வென்றது. அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களிலும் வெற்றி; தேசிய வெற்றிக் கிண்ணமும் கிடைத்தது.

ஆனால் அந்தக் கதையில் பலர் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. வோக்கரின் வேலை பந்தைச் சுமந்து ஓடுவது. வேகமும் பலமும் இருந்தால் அதை இளம் வயதிலும் செய்யலாம். ஆட்டத்தை நடத்தவும் அவனுக்கு வழி திறந்து கொடுக்கவும் மூத்தவர்கள் சுற்றி நின்றார்கள். இன்னொன்றையும் தாய்மார் கவனிக்க வேண்டும். 1981 ஜனவரி முதலாம் திகதி நடந்த இறுதி ஆட்டத்தில் அவனுடைய தோள்மூட்டு ஆரம்பத்திலேயே விலகியது. சரிசெய்துகொண்டு தொடர்ந்து ஆடி 150 கஜம் ஓடினான். நாடே வீரம் என்று கொண்டாடியது. பெற்றவளின் மனம் அந்த நேரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பத்திரிகைகளில் யார் எழுதுவார்?

அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2016 இல் ஜேலன் ஹேர்ட்ஸ் என்ற முதலாம் வருட மாணவன் குவாட்டர்பெக்காக இறங்கினான். முதல் முதலாகக் கைக்கு வந்த பந்தையே தவறவிட்டு எதிரணிக்குக் கொடுத்துவிட்டான்! பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் அவனை ஒதுக்கிவிடவில்லை. அன்று குழு 52 இற்கு 6 என்று வென்றது. அவனே நிரந்தர ஆட்ட நாயகனானான்.

அடுத்த பருவத்தின் முடிவு. 2018 ஜனவரி 8 ஆம் திகதி தேசிய இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் அலபாமா 13 இற்கு 0 என்று பின்தங்கியிருந்தது. சேபன் ஹேர்ட்ஸை வாங்கில் இருத்திவிட்டு, டூவா டாகோவைலோவா என்ற முதலாம் வருட மாணவனை இறக்கினார். அவனும் தவறு செய்தான். ஒரு பந்தை எதிரணி கையில் எறிந்தான். மேலதிக நேரத்தில் 16 கஜம் பின்னால் தள்ளப்பட்டான். அடுத்த பந்திலேயே 41 கஜம் எறிந்து ஆட்டத்தை வென்று கொடுத்தான். 26 இற்கு 23. எறிந்தவனும் பிடித்தவனும் இருவருமே முதலாம் வருட மாணவர்கள்.

உலகம் டூவாவைக் கொண்டாடியது. நாம் ஹேர்ட்ஸைப் பார்ப்போம். கோடிக்கணக்கான கண்களுக்கு முன்னால் இடம் பறிபோன பிள்ளை அவன். கோபித்துக்கொண்டு உடனே போய்விடவில்லை. அதே வருடம் டிசம்பரில் ஒரு முக்கிய ஆட்டத்தில் டூவா காயமடைந்து வெளியேறியபோது, பின்தங்கியிருந்த குழுவை ஹேர்ட்ஸ் இறங்கி 35 இற்கு 28 என்று வெல்ல வைத்தான். அந்த மாதமே பட்டமும் பெற்றான். பின்பு வேறு பல்கலைக்கழகம் சென்று ஆடி, தொழில்முறை வீரராகி, 2025 பெப்ரவரியில் 'சூப்பர் போல்' இறுதிப் போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவானார். புதியவனை இறக்கும்போது பழையவனின் கதை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

நட்டவர் ஒருவர், பறித்தவர் ஒருவர்

ஆனால் அலபாமா செல்வச் செழிப்பான வீடு. அங்கே ஒரு பரிசோதனை தவறினாலும் அடுப்பு அணையாது. நம் கேள்வி தடுமாறும் பயிற்றுவிப்பாளரைப் பற்றியது.

சார்லி ஸ்ட்ரோங் 2014 இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பேற்றார். முதல் பருவம் 6 வெற்றி, 7 தோல்வி. 2015 இல் துணிந்து பல முதலாம் வருட மாணவர்களை இறக்கினார். பருவத்தின் முதல் ஆட்டத்தில், நான் மேலே சொன்ன அந்தக் கடினமான முன்வரிசையிலேயே கொனர் வில்லியம்ஸ், பற்றிக் வாஹே என்ற இரு முதலாம் வருடப் பையன்கள். நொட்ரடாம் குழு அவர்களை 38 இற்கு 3 என்று தோற்கடித்தது. ஒரு வருடம் கழித்து அதே நொட்ரடாமை, ஷேன் பியூக்கல் என்ற முதலாம் வருடக் குவாட்டர்பெக்கோடு, இரண்டு மேலதிக நேரங்கள் ஆடி 50 இற்கு 47 என்று வென்றார்கள். முந்திய வருடம் அடிபட்டுக் கற்ற பையன்கள்தான் அன்று முன்வரிசையில் நின்றார்கள்.

அத்தோடு கதை இனிதே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்தப் பருவமும் 5 வெற்றி, 7 தோல்வியாகப் போனது. 2016 நவம்பரில் ஸ்ட்ரோங் நீக்கப்பட்டார். 2015 இல் முதலாம் வருடமாக இறங்கியவர்களில் எஞ்சியிருந்தவர்கள் 2018 இல் நான்காம் வருட மாணவர்கள். அந்தப் பருவம் டெக்ஸாஸ் 10 ஆட்டங்களில் வென்றது. வாழ்த்தைப் பெற்றவர் அடுத்து வந்த பயிற்றுவிப்பாளர் டொம் ஹேர்மன்.

நட்டவர் பழம் சாப்பிடவில்லை. அதனால் நட்டது தவறா? கொனர் வில்லியம்ஸ் நாட்டின் சிறந்த வீரர்களில் ஒருவராகித் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். வாஹே நான்கு வருடமும் ஆடினார். பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்த நடுகை வீணாகவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் 2024 இல் பில்லி நேப்பியரின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. மூத்த குவாட்டர்பெக் காயமடைந்ததால் டி. ஜே. லாக்வே என்ற முதலாம் வருட மாணவன் இறங்கினான். நவம்பரில் ஜோர்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசையில் காயம். வண்டியில் ஏற்றி வெளியே கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தான். குழு கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்றது. பயிற்றுவிப்பாளரின் வேலையும் தப்பியது. ஆனால் 2025 ஒக்டோபரில் அவர் நீக்கப்பட்டே விட்டார். ஒரு பையனின் தோளில் வைத்த கூரை எத்தனை காலம் நிற்கும்?

இன்றைய நிலைமை இன்னும் சிக்கலானது. 2021 முதல் மாணவர்கள் தம் பெயரைக் கொண்டு பணம் சம்பாதிக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறி உடனே ஆடுவதும் இலகுவாகிவிட்டது. "இந்த வருடம் பையன்களை இறக்கினால் மூன்றாம் வருடம் பலன் வரும்" என்ற பழைய கணக்கு இப்போது நிச்சயமில்லை. இறக்காவிட்டால் போய்விடுவான் என்ற பயமும், இறக்கிப் பழக்கினால் வேறொருவர் கொண்டு போய்விடுவார் என்ற பயமும் சேர்ந்தே இருக்கின்றன.

அப்படியானால் என்ன செய்வது?

என் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். இறக்கலாம். தோற்கும் குழுவில் பழையவர்கள் என்பதற்காக மட்டும் பழையவர்களையே வைத்திருப்பது நீதியல்ல. ஆனால் ஐந்து விடயங்களைப் பார்த்து இறக்க வேண்டும்.

முதலாவது, நிய்யத். "என் வேலைக்கு இன்னும் ஐந்து வருட உத்தரவாதம் இருந்தாலும் இந்தப் பையனை இன்று இறக்குவேனா?" என்று பயிற்றுவிப்பாளர் தன்னைத்தானே கேட்கட்டும். ஆம் என்றால் இறக்கட்டும். இல்லையென்றால் அவர் பையனை ஆட வைக்கவில்லை, அடகு வைக்கிறார்.

இரண்டாவது, இடம். ஓடுபவன், பந்தைப் பிடிப்பவன் போன்ற இடங்களில் வேகமே பாதி வேலையைச் செய்யும். முன்வரிசைக்கு முற்றிய உடம்பு வேண்டும். குவாட்டர்பெக்குக்குப் பதறாத மனம் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

மூன்றாவது, துணை. புதியவனுக்கு இருபக்கமும் அனுபவசாலிகள் நிற்க வேண்டும். ஐந்து புதியவர்களை ஒன்றாக இறக்கிவிட்டு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது பயிற்சியல்ல. 2018 இல் தேசிய சங்கம் ஒரு நல்ல நடுவழியைக் கொண்டுவந்தது. ஒரு மாணவன் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த வருடம் அவன் கணக்கில் சேராது என்றது அந்த விதி. கொஞ்சம் இறக்கிப் பார். பிறகு உட்கார வைத்துக் கற்றுக்கொடு. இதுவே அனுபவமுள்ளவர்கள் செய்யும் முறை.

நான்காவது, மூத்தவனின் மரியாதை. இடம் இழப்பவன் அதைப் பத்திரிகையில் படித்து அறியக்கூடாது. முகத்துக்கு முகம் இருந்து, காரணத்தைச் சொல்லி, அவனுக்கு இன்னும் என்ன வேலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நாளை டூவா விழும்போது ஹேர்ட்ஸ் எழுந்து வரவேண்டுமே!

ஐந்தாவது, பழி. பையன் தவறு செய்தே தீருவான். அப்போது ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, "இறக்கியவன் நான், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லும் நெஞ்சுரம் பயிற்றுவிப்பாளருக்கு இருக்கிறதா? வெற்றி வந்தால் "என் தீர்மானம்", தோல்வி வந்தால் "பையனுக்கு அனுபவம் போதாது" என்பவரிடம் யாரும் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது.

சகோதரிகளே! மேசையில் வந்து உட்காரும் அந்தப் பயிற்றுவிப்பாளரிடம் அமெரிக்கத் தாய் ஒருத்தி, "என் மகன் எப்போது ஆடுவான்?" என்று கேட்பதைவிட, "அவன் தவறவிடும் அன்று நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்கு யாரும் இனிமையாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அவர் என்ன சொல்கிறார், சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

முதன்முதலாக மகளிடம் விருந்துச் சமையலை ஒப்படைக்கும் தாய், அடுப்படியை விட்டு வெகுதூரம் போய்விடுவதில்லை, கரண்டியைப் பறிப்பதுமில்லை. உப்புக் கூடிவிட்டால் விருந்தாளிகளுக்கு முன்னால் மகளைக் காட்டிக்கொடுப்பதுமில்லை. பெருந்தொகைச் சம்பளம் வாங்கும் பயிற்றுவிப்பாளருக்கும் இதைவிட மேலான வழியொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.